மதிலுக்குள் புகுந்த மொழி

(பொழிவின் எழுத்து வடிவம்)



பிரித்தானியத் தீவின் மேற்குப் புறத்தில் வேல்சு என்றொரு சிறு நாடு உண்டு. அந்நாட்டு மக்கள் தம் நாட்டைக் ‘கம்ரி’ என்றும் தம் மொழியைக் ‘கம்ராய்கு’ என்றும் வழங்குவர். வேல்சு என்பது ஆங்கிலர் இட்ட பெயர். அயலார் என்பதே அச்சொல்லின் முதற்பொருள். மண்ணுக்குரியவனைப் பார்த்து, பின்னர் வந்தேறியவன் ‘அயலான்’ என்றான். அப்பெயரையே உலகெங்கும் நிலைநிறுத்தியும் விட்டான்! ஆயினும் உலகோர் அறிந்த பெயர் அதுவாகலின் இப்பொழிவிலும் அதுவே வழங்கப்பெறும்.

அந்நாட்டின் வடமேற்கில், மெனாய் நீரிணையின் கரையில், கேர்நார்வன் என்னும் பழைய ஊர் இருக்கிறது. பத்தாயிரம் பேர் கூட இல்லாத ஊர். ‘கடைசி இலெவெலின்’ எனப்படும் வேல்சு இளவரசன் 1282-இல் வீழ்ந்தபின், ஆங்கில வேந்தன் முதலாம் எட்வர்டு 1283-இல் அங்கே பெருங்கோட்டை ஒன்றைக் கட்டத் தொடங்கினான். கோட்டையோடு ஊர்மதிலும் எழுந்தது. ஏறத்தாழ 734 மீட்டர் நீளம், எட்டுக் கொத்தளங்கள், இரண்டு வாயில்கள். உள்ளே ஆங்கிலக் குடிகளைக் கொணர்ந்து குடியேற்றினர். வணிக உரிமையும் அவர்களுக்கே. ஊராட்சி உரிமையும் அவர்களுக்கே. 1294-இல் மாதோக்கு என்பவன் தலைமையில் வேல்சு மக்கள் கிளர்ந்தெழுந்து மதிலைக் கடந்து ஊரைக் கைப்பற்றினர். மறு ஆண்டே அக்கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. அதன்பின் பிறந்த ஆணைகள், வேல்சு மகன் எவனும் இத்தகைய மதில்சூழ் ஊர்களுக்குள் குடியிருத்தலும் மனை கொள்ளுதலும் ஆகா என்றன. நூறாண்டு கழித்து ஓவைன் கிலின்தூர் என்னும் மாவீரன் மீண்டும் எழுந்து 1403-இலும் 1404-இலும் அவ்வூரை முற்றுகையிட்டான். கோட்டை விழவில்லை, தடைச்சட்டங்களே மேலும் இறுகின. 1536-ஆம் ஆண்டுச் சட்டமோ முறைமன்றங்களில் ஆங்கிலமே வழங்கும் என்றும், வேல்சு மொழியையே வழங்குவோர்க்கு அந்நாட்டில் அரசுப்பணி இல்லை என்றும் விதித்தது. வாளால் மதிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மொழி, பின்னர் எழுதுகோலால் மன்றத்துக்கு வெளியேயும் நிறுத்தப்பட்டது.

இன்று அம்மதில் அப்படியே நிற்கிறது. 1986-இல் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாகவும் ஏற்கப்பட்டது. அதன் வாயில் வழியே உள்ளே செல்பவன் காதில் விழுவது எம்மொழி? வேல்சு மொழி! கடைக்காரர் பேசுவது வேல்சு மொழி. பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் கூச்சலிடுவது வேல்சு மொழி. ஊராருள் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் அம்மொழி அறிந்தவர்கள். நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டாலோ 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அம்மொழி அறிந்தோர் 17.8 விழுக்காட்டினரே. எந்த மொழியை உள்ளே விடாதிருக்க மதில் கட்டப்பட்டதோ, அந்த மொழிக்கு அம்மதிலே இன்று வேலியாயிற்று!

இது எவ்வாறு நேர்ந்தது? கோட்டையை மீட்ட மறவர் எவருமிலர். சட்டம் காத்தது என்பாரும் உளர். சட்டம் மிகப் பிந்தியே வந்தது. ஊரார் காத்தனர் என்பதே உண்மை. அஃது எங்ஙனம் என்பதை விரித்துக் காண்பதே இப்பொழிவின் நோக்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அம்மொழிமேல் விழுந்த அடி கொஞ்சநஞ்சமன்று. 1847-இல் வேல்சின் பள்ளிகளை ஆராய்ந்த அரசுக்குழு, மக்களின் அறியாமைக்கும் ஒழுக்கக் கேட்டுக்கும் அவர்கள் மொழியே வேர் என்று எழுதிற்று. பல பள்ளிகளில் தாய்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிட்டனர். அடுத்துப் பேசும் பிள்ளைக்கு அது கைமாறும். மாலையில் யார் கழுத்தில் இருக்கிறதோ அப்பிள்ளைக்குப் பிரம்படி. ஒரு பிள்ளையை மற்றொரு பிள்ளை காட்டிக்கொடுக்கும் கல்வி! ஆயினும் அதே நூற்றாண்டில் கேர்நார்வன் வேல்சு அச்சுத்தொழிலின் தலையூராகவும் விளங்கியது. ‘ஆர் எரால்டு கம்ராய்கு’ 1855-இலும், ‘அ கெனெதில் கம்ரெய்கு’ 1877-இலும் அங்கே பிறந்த செய்தித்தாள்கள். கற்பலகைச் சுரங்கத் தொழிலாளர் வேலை முடித்து வந்து அவற்றைப் படித்தனர். அரசு இகழ்ந்த மொழியில் தொழிலாளி உலகச் செய்தி படித்தான் என்பதை ஓர்க.

அத்தாள்கள் நிலைக்கவில்லை. வணிகத்தால் பிறந்தவை வணிகம் மாறியபோது தளர்ந்தன. பிந்தையது 1937-இல் நின்றது. முந்தையது பிற்காலத்தில் ஓர் ஆங்கில நாளிதழின் இணைப்பாகச் சுருங்கிற்று. மொழியறிந்தோர் தொகையும் அவற்றோடு சரிந்தது. 1901-இல் நாட்டு மக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர். 1961-இல் 26 விழுக்காட்டினர். 1981-இல் 19 விழுக்காட்டினர்.

இடையில் கேர்நார்வன் ஒரு பெருங்காட்சியைக் கண்டது. லீன் தீவக்குறையில் பெனிபெர்த்து என்னும் பழைய பண்ணைமனையை இடித்து, வானூர்திப் படைக்குக் குண்டுவீச்சுப் பயிற்சிக்களம் அமைக்க ஆங்கில அரசு முனைந்தது. 1936 செப்தெம்பர் 8-ஆம் நாள் விடியலுக்கு முன் அங்கிருந்த கொட்டகைகளுக்கு மூவர் தீயிட்டனர். தீயிட்டுவிட்டு ஓடவில்லை; தாமே காவல்நிலையம் சென்று ‘செய்தவர் யாம்’ என்றனர். அவர்கள் கள்வரல்லர், காடையரல்லர். ஒருவர் கல்லூரி ஆசிரியரும் நாடகப் புலவருமாகிய சாண்டர்சு லூயிசு. ஒருவர் பள்ளியாசிரியரும் கதைப் புலவருமாகிய டி.சே. வில்லியம்சு, ஒருவர் சமய ஆசிரியர் லூயிசு வாலன்டைன். அக்தோபரில் வழக்கு கேர்நார்வன் மன்றத்துக்கு வந்தது. தம் மொழியிலேயே பேசுவோம் என்று மூவரும் நின்றனர். ஊர்மக்களிலிருந்து தேர்ந்த சான்றாயர் குழு, அவர்கள் குற்றவாளிகள் என்று ஒருமனதாகக் கூற மறுத்தது! அரசு என்ன செய்தது? வழக்கையே இலண்டனுக்கு மாற்றியது. அங்கே ஒன்பது திங்கள் சிறை விதிக்கப்பட்டது. லூயிசு தம் கல்லூரிப் பணியையும் இழந்தார்.

அதே லூயிசு 1962 பிப்பிரவரி 13-ஆம் நாள் வானொலியில் ‘மொழியின் ஊழ்’ என்னும் பொழிவு நிகழ்த்தினார். இப்போக்கிலேயே போனால் இருபத்தொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேல்சு வாழும்மொழியாக இராது என்று எச்சரித்தார். மொழி வழங்கும் வட்டாரங்களில் அம்மொழியின்றி ஆட்சியே நடத்தவியலாத நிலையை உண்டாக்குக என்றும் சொன்னார். அவ்வாண்டே வேல்சு மொழிக் கழகம் தோன்றியது. ஆங்கிலத்தில் மட்டும் எழுதப்பட்ட சாலைப் பலகைகளில் இளைஞர்கள் பச்சைச் சாயம் பூசினர்; சிறை சென்றனர். 1967, 1993, 2011 எனச் சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. 1969-இல் கேர்நார்வன் கோட்டைக்குள் ஆங்கில அரச மகனுக்கு ‘வேல்சு இளவரசர்’ பட்டம் சூட்டினர். வென்றவன் கோட்டையில் வென்றவன் விழா. ஆயினும் அவ்விளவரசரும் வேல்சு மொழியை முன்னரே பயின்று, அதில் சில சொல்லிய பின்னரே அமர முடிந்தது.

இவையெல்லாம் பலரும் எழுதிய செய்திகள். போராட்டம் என்றால் எழுதுவதற்குப் பலர் வருவர். எவரும் எழுதாத, எழுதினாலும் எள்ளி நகைக்கும் ஒரு தொண்டு அடுத்த பத்தாண்டில் தொடங்கியது. அதுவே இங்குத் தலையாயது.

1973 ஏப்பிரலில், ஆங்கிலமே ஓங்கிய தலைநகராகிய கார்டிபில், சில அன்பர்கள் கூடி ‘அ தினெசித்து’ என்றொரு திங்கள் தாளை வேல்சு மொழியில் வெளியிட்டனர். குடிமகன் என்பது பொருள். அதைக் கண்டு மறு ஆண்டே தாலிபாண்டு என்னும் சிற்றூரில் ‘எல்லார்க்குமான தாள்’ பிறந்தது. பெத்தெசுதாவில் ‘ஓகுவன் குரல்’ பிறந்தது. கிரிமிச்சில் ‘கிளெப்ரான்’ பிறந்தது. கிளெப்ரான் என்றால் வம்பளத்தல்! ஒரு மொழியியக்கத்தின் தாளுக்கு வம்பளத்தல் என்று பெயரிட எத்துணைத் துணிவு வேண்டும்! பதினைந்தாண்டுக்குள் இத்தகைய தாள்கள் நாடெங்கும் ஐம்பது அளவிற்குப் பெருகின. இவற்றுக்குப் ‘பாப்பிர் புரோ’ என்று பொதுப்பெயர். வட்டாரத்தாள் எனலாம். கேர்நார்வனுக்கு உரியது ‘பாப்பிர் திரே’. நேரே தமிழாக்கினால் ஊர்த்தாள். அண்டையிலுள்ள மலையடிவார ஊர்களுக்கு ‘மலையின் எதிரொலி’ என்று வேறொன்று உண்டு.

என்ன இருக்கும் அத்தாள்களில்? நாடாளுமன்றச் சொற்போர் இராது, போர்ச்செய்தி இராது. இன்னார்க்கு மகவு பிறந்தது; இன்னார் மகளுக்கு மணம்; இன்ன தெருவில் இன்ன மூதாட்டி மறைந்தார், அவர் கைப்பட்ட அப்பத்தின் சுவையை ஊர் மறவாது; பள்ளிப் பிள்ளைகள் பாட்டுப் போட்டியில் பரிசு பெற்றனர்; கால்பந்துக் குழு தோற்றது; ஆற்றங்கரைப் பாதையில் வேலி சாய்ந்து கிடக்கிறது, மன்றம் கண்டுகொள்ளவில்லை. சமையற்குறிப்பு, குறுக்கெழுத்து, பழைய ஒளிப்படம், அதில் நிற்போர் யாரென்று அறிந்தோர் எழுதுக என்றொரு வேண்டுகோள். இவ்வளவே.

இவற்றை எழுதுபவர் எவரும் கூலி பெறுவதில்லை. ஒவ்வொரு தெருவிலும் ஒவ்வொரு சிற்றூரிலும் செய்தி திரட்ட ஒருவர் இருப்பார். அவர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியராகவோ, வழிபாட்டு மனையில் தொண்டு செய்யும் அம்மையாராகவோ இருப்பார். ஆசிரியர் குழு மெய்ப்புத் திருத்தும். அச்சகத்திலிருந்து தாள் விரிநிலையில் வரும். அன்று மாலை ‘மடிப்பு மாலை’. ஊர்க்கூடத்தில் நீண்ட பலகைகளை இட்டு, இருபது முப்பது பேர் வரிசையாக நின்று, பக்கம் பக்கமாக அடுக்கி மடிப்பர். மடிக்கும்போதே அடுத்த தாளுக்குரிய செய்தியும் வாய்வழி திரண்டுவிடும். பின்னர்க் கடைகளிலும் வீட்டு வாயில்களிலும் விற்பனை. கடைக்காரர் விளம்பரமும் சிறிதளவு அரசு நல்கையும் குறையை ஈடுகட்டும். ஆகத்துத் திங்களில் பெரும்பாலும் தாள் வாராது. தொண்டர்க்கும் ஓய்வு வேண்டுமன்றோ?

‘இறப்பும் பிறப்பும் அச்சிட்டால் மொழி வாழ்ந்துவிடுமா?’ என்று புலவர் பெருமக்கள் கேட்கலாம். வேல்சு நாட்டிலும் கேட்டனர். விடையை நூற்பாவில் தேட வேண்டா. வேல்சு மொழியில் எழுத்து நடைக்கும் பேச்சு நடைக்கும் இடையே அகன்ற பள்ளம் உண்டு. தமிழர்க்கு அதனை விளக்க வேண்டுவதில்லை. வீட்டில் நாளெல்லாம் அம்மொழி பேசும் மாந்தர் பலர், அம்மொழியில் ஒரு மடலெழுத அஞ்சினர். ‘என் வேல்சு திருத்தமானதன்று’ என்று கூசி, செய்தித்தாள் ஆங்கிலத்தில் படித்தனர். கடிதம் ஆங்கிலத்தில் எழுதினர். இலக்கிய இதழ் அவர்களை ஈர்க்கவில்லை. ஆனால் அடுத்த வீட்டுப் பெண்ணின் மணச்செய்தி தாளில் வந்திருக்கிறதென்றால் படிக்காமல் இருப்பார் உளரோ? பள்ளியை விட்டபின் தாய்மொழியில் ஒருவரி படியாதவர்கள் இத்தாளைப் படித்தனர்; பின்னர்த் தாமே எழுதவும் தொடங்கினர். பெரும்புலவர்களின் நூல்கள் செய்யமாட்டாத வேலையைக் கால்பந்துச் செய்தி செய்தது.

கால்பந்து என்றதும் ஒன்று. வேல்சில் அதற்குப் ‘பெல்-திரோயித்து’ என்பது பெயர். பந்து, கால் என்னும் இருசொற்களின் கூட்டு. தமிழ் ‘கால்பந்து’ என்றது. அவர்கள் ‘பந்துக்கால்’ என்றனர். எண்ணுதல் எனப் பொருள்படும் ‘கவ்ரிவ்’ என்னும் சொல்லினின்று ‘கவ்ரிவியாதிர்’ என்று கணினிக்குப் பெயர் கண்டனர். கணித்தலினின்று தமிழில் கணினி பிறந்தவாறே இதுவும். ஆக்கப்பட்ட சொல் அகராதியில் உறங்கினால் பயன் என்ன? வட்டாரத்தாளின் கால்பந்துப் பக்கத்திலும் பள்ளிப் பக்கத்திலும் திங்கள்தோறும் வந்து வந்தே அச்சொற்கள் கடைத்தெருவுக்கு இறங்கின. கேர்நார்வன் ஊரார் தம்மைக் ‘கோவி’ என்று பெருமையோடு அழைத்துக்கொள்வர். அவர்தம் பேச்சில் ஆங்கிலச் சொற்கள் பல கலந்தே கிடக்கின்றன. தூய்மை விரும்புவார்க்கு அது கசப்பே. ஆயினும் அப்பேச்சிலேயே வேறெங்கும் வழங்காத பழஞ்சொற்களும் இருக்கின்றன. களையெடுப்பவன் பயிரையும் சேர்த்துப் பிடுங்கலாகாது. முதலில் அம்மக்களைத் தம் மொழியில் எழுதச் செய்தனர். திருத்தம் பின்னர் வந்தது. வரிசை மாறியிருந்தால் எழுதுவாரே இருந்திரார்.

இவ்விடத்தில் தமிழர் தம் வீட்டு நிகழ்ச்சியொன்றை எண்ணிப்பார்க்க. ‘விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகை’ என்று அச்சடித்த காலம் இருந்தது. அது ‘திருமண அழைப்பிதழ்’ ஆனது எந்தச் சட்டத்தால்? எந்த அரசாணையால்? ஊரூராக, வீடுவீடாக, அச்சகம் அச்சகமாகப் பெற்றோர் மாற்றினர். ஆட்சிமொழிச் சட்டம் 1956-இலேயே வந்தது. அலுவலக மேசைக்குத் தமிழ் வந்து சேர எத்துணை ஆண்டுகளாயின என்பதையும், இன்றும் எவ்வளவு வரவில்லை என்பதையும் அறியாதார் இலர். அழைப்பிதழோ சட்டத்திற்குக் காத்திருக்கவில்லை.

கேர்நார்வன் ஊரார் தாளோடு நின்றுவிடவில்லை. மதிலுக்குள் பல கடைகளும் மனைகளும் பாழடைந்து பூட்டிக் கிடந்தன. 1992-இல் ‘ஊர் நிறுவனம்’ என்றொன்றை அமைத்து, இருபதுக்கும் மேற்பட்ட கட்டடங்களை ஒவ்வொன்றாக வாங்கிச் செப்பனிட்டு, கடைகளாகவும் குடியிருப்புகளாகவும் ஆக்கினர். அந்நிறுவனத்தின் முயற்சியாலேயே 2005-இல் துறைமுகத்தருகே கலைக்கூடமும் அரங்கும் திறக்கப்பட்டன. மதிலுக்குள் ‘அரண்மனைத் தெரு’வில் வேல்சு நூல் விற்கும் கடையொன்று நடக்கிறது, ‘மதிலோட்டைத் தெரு’ என்று மற்றொரு தெருவுக்குப் பெயர். அயலானுக்கென்று கட்டிய மனைகளில் ஊரான் கடைவிரித்தான்.

மாவட்டமாகிய குவினெத்தின் ஆட்சிமன்றமும் கேர்நார்வனிலேயே இருக்கிறது. அம்மன்றத்தின் உள்ளாட்சி மொழி வேல்சு. கூட்டத்தில் உறுப்பினர் வேல்சில் பேசுவர். அம்மொழி அறியாதவரே மொழிபெயர்ப்புக் கருவியைக் காதில் மாட்டிக்கொள்ள வேண்டும். கருவியை மாட்டிக்கொள்பவர் யார் என்பதில்தான் ஆட்சிமொழியின் பொருளே அடங்கியிருக்கிறது.

எல்லாம் வென்றுவிட்டனர் என்று எண்ணிவிட வேண்டா. குவினெத்தில் மொழியறிந்தோர் 2011-இல் 65.4 விழுக்காட்டினர், 2021-இல் 64.4 விழுக்காட்டினர். ஒரு விழுக்காடுதானே என்பார் இருப்பர். பத்தாண்டுக்கொரு விழுக்காடு என்பதும் சரிவே. கடற்கரைச் சிற்றூர்களில் வெளியூர்ச் செல்வர் விடுமுறைக்கென்று வீடு வாங்குகின்றனர். விலை ஏறுகிறது, ஊர் இளைஞனால் வாங்க முடிவதில்லை, அவன் வெளியேறுகிறான். குளிர்காலத்தில் விளக்கெரியாத வீடுகள் நிறைந்த தெருவில் எவர் எம்மொழியில் பேசுவது? அம்மன்றம் 2023-இல் இரண்டாம் வீடுகளுக்கு 150 விழுக்காடு கூடுதல் வரி விதித்தது. வீட்டுச் சிக்கல் என்று மற்றவர் கருதியதை மொழிச் சிக்கல் என்று அவர்கள் கண்டனர்.

வட்டாரத்தாள்களுக்கும் இடர் உண்டு. 1973-இல் முப்பது அகவையில் தொண்டு தொடங்கியவர்க்கு இன்று எண்பதைத் தாண்டிவிட்டது. மடிப்பு மாலைக்கு வரும் கைகள் நடுங்குகின்றன. சில தாள்கள் நின்றுபோயின. சில ஊர்களில் இளையோர் பொறுப்பேற்றுள்ளனர்.

இங்கே கூடியிருப்போர் செய்யத்தக்கது ஒன்று உண்டு. முதல் தாளுக்கு நான்கு பக்கம் போதும். தலையங்கம் வேண்டா, பெரியோர் வாழ்த்துரையும் வேண்டா. அச்சகம் நடத்தும் தோழர்கள் தாள்விலையையும் அச்சுக்கூலியையும் கணக்கிட்டுக் கொடுப்பர். ஊரின் பழம்பெயர்களும், ஏரி மதகின் பெயர்களும், வயல்களின் பெயர்களும் அறிந்த முதியோர் ஒவ்வொரு தெருவிலும் இருக்கின்றனர். அவர்களிடம் பள்ளிப் பிள்ளைகளை அனுப்பிக் கேட்டெழுதச் செய்யுங்கள். இத்திங்கள் உங்கள் தெருவில் பிறந்த குழந்தைக்கு என்ன பெயரிட்டனர், எந்தக் கடையின் பெயர்ப்பலகை மாறிற்று, எந்தக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்பவற்றைத் தெருவுக்கு ஒருவர் திரட்ட வேண்டும். அவ்வொருவர் யாரென்று பேசி முடித்து, பெயரையும் தெருவையும் வாயிலில் உள்ள ஏட்டில் எழுதிவிட்டுச் செல்க.